வெள்ளீயம் போய் ஸைக்கிள் வந்த ஊர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சைத் தாள் கட்டு ஒன்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, இதில் எத்தனை பேரைக் கரையேற்ற முடியும் என்று நாம் யோசனையில் ஆழ்ந்திருந்தோம். அச்சமயம் வாசலில், "ஸார் இருக்கிறாரா?" என்று ஒரு குரல் கேட்டது. குரல் பழக்கமானதாக இருந்தது. ஆனால் ஆள் அடையாளம் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த முகம். காலில் சேறு படிந்த ஜோடு. முன்னங்கையில் சாண் நீளத்துக்கு ஒரு தழும்பு. மாணாக்கர்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு வழி உண்டு. முகத்தைப் பார்ப்பதை விட்டு, வகுப்பில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துப் பார்ப்போம். அப்படி நினைத்த மாத்திரத்தில் ஜன்னலோரத்துக் கடைசிப் பெஞ்சு மனக்கண்முன் வந்தது.

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி ஒன்றில் பிறந்து, மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டில் தங்கி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நம்மிடம் பூகோளம் படித்த பையன் அவன். படித்தான் என்பது மரியாதைக்குச் சொல்கிறோம். வகுப்பு நேரம் முழுவதும் அவன் செய்த காரியம், ஜன்னல் வழியாகத் தன்னுடைய மலையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அப்படிப்பட்ட பையன் இப்போது பூமியின் தென் கோடியில், ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாத் தீவில் உத்தியோகம் பார்க்கிறானாம். வகுப்பில் அந்தத் தீவைப் படத்தில் காட்டச் சொன்னபோது நியூஸிலாந்தில் விரலை வைத்தவன்!

உபசாரங்கள் முடிந்த பிறகு, "இது என்னப்பா தழும்பு?" என்று கேட்டோம்.

"ஸைக்கிளில் விழுந்தேன் ஸார். ஏழு தையல். அந்த ஊரில் ஒரு பாதைக்கே 'இருபத்து மூன்று தையல்' என்று பெயர். அதைப் பார்க்க இது ஒன்றுமே இல்லை" என்றான்.

பாதைக்குத் தையல் கணக்கில் பெயர் வைக்கும் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று அறிய ஆசைப்பட்டோம். பரீட்சைத் தாள் கட்டு ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அன்று அவன் சொன்னதையும், பிறகு நாமே தேடிப் படித்ததையும் சேர்த்து இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

டாஸ்மேனியா நம் தமிழ்நாட்டின் விஸ்தீரணத்தில் பாதிக்குச் சற்று அதிகமான தீவு. ஜனத்தொகையோ ஆறு லட்சத்துக்கும் குறைவு. அதாவது நம்முடைய நடுத்தரமான நகரம் ஒன்றின் ஜனங்களை அழைத்து வந்து, பாதித் தமிழ்நாட்டில் பரப்பி உட்கார வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதன் வடகிழக்கு மூலையில், ரிங்கரூமா என்னும் நதியின் கரையில், லான்ஸஸ்டன் நகரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோ மீட்டர் தூரத்தில் டெர்பி என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஒரே வீதி. இருநூறு பேருக்கு உட்பட்ட ஜனங்கள். இந்தக் கிராமத்தின் பெயர் இன்று உலகத்தில் மலை ஸைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

முன் ஒரு காலத்திலும் இந்த ஊருக்குப் பெயர் இருந்தது. 1870-க்களில் அந்தப் பிரதேசத்தில் வெள்ளீயம் அகப்பட்டது. க்ருஷ்கா என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் இங்கே அதைக் கண்டெடுத்தார்கள். அதனால் ஊருக்கு முதலில் 'சகோதரர்களின் இல்லம்' என்றே பெயர். பிறகு பெரிய சுரங்கம் ஏற்பட்டது. அதற்கு ப்ரிஸேயிஸ் என்று பெயரிட்டார்கள். ஹோமரின் காவியத்தில் வரும் பெண்ணின் பெயராயிற்றே, சுரங்கத்துக்குக்கூட இலக்கியப் பெயர் வைத்தார்களே என்று நாம் சந்தோஷப்பட்டோம். விசாரித்துப் பார்த்தால், அது 1876-ஆம் வருஷம் மெல்போர்ன் கோப்பையை ஜயித்த குதிரையின் பெயராம்! போகட்டும், குதிரைக்காவது இலக்கியத்திலிருந்து பெயர் வைத்தார்களே.

சுரங்கம் என்றவுடன் பூமிக்குள்ளே குடைந்து போவதாக நினைத்துவிடக் கூடாது. அங்கே வெள்ளீயம் ஆற்று மணலோடும் சரளைக் கல்லோடும் கலந்து கிடந்தது. மலைகளிலிருந்து வெகு தூரம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டு வந்து, குழாய் வழியாகப் பீரங்கிபோலப் பீய்ச்சி அடித்து, குன்றையே கரைத்துவிடுவார்கள். கரைந்த சேறு மரத் தொட்டிகளின் வழியே ஓடும். கனமான வெள்ளீயம் அடியில் தங்கும். மற்றதெல்லாம் ஆற்றோடு போய்விடும். இப்படி எத்தனையோ குன்றுகள் ஆற்றோடு போயின. நல்ல நாளில் ஊரில் மூவாயிரம் பேருக்கு மேல் இருந்தார்களாம். சீன தேசத்திலிருந்து வந்த கூலிக்காரர்களும் அந்த வட்டாரத்தில் பல நூறு பேர் இருந்தார்கள். பக்கத்து வெல்ட்பரோவில் அவர்கள் கட்டிக் கும்பிட்ட சிறு கோயில் இப்போது லான்ஸஸ்டன் நகரத்து மியூஸியத்தில் இருக்கிறது. கும்பிட்டவர்களின் வம்சத்தினர் பெரும்பாலும் அவ்விடத்தில் இல்லை. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் அந்த நிலத்துக்கு உரியவர்களாக இருந்த பலாவா ஜனங்களை, வெள்ளையர் 1820-க்களிலும் 1830-க்களிலும் சண்டையிட்டும் வேட்டையாடியும் விரட்டிவிட்டார்கள். வெள்ளீயத்தின் சரித்திரத்தைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1929-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ஆம் தேதி பெருமழையில் சுரங்கத்துக்காகக் கட்டியிருந்த அணை உடைந்தது. தண்ணீர் ஒரே சுவராகப் பள்ளத்தாக்கில் இறங்கி ஊரின்மேல் பாய்ந்தது. பதினான்கு பேர் இறந்தார்கள். சுரங்கம் பல வருஷம் மூடிக் கிடந்து, மறுபடி திறந்து, மறுபடி தளர்ந்து, 1940-க்களின் முடிவில் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தோண்டிய பெரும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாயிற்று. வாலிபர்கள் வெளியூருக்குப் போனார்கள், கிழவர்கள் இருந்தார்கள். அந்த வட்டாரத்துக்கு மிஞ்சியிருந்தது மரத் தொழில் ஒன்றுதான். அதுவும் 2012-இல், தீவின் மிகப் பெரிய மரக் கம்பெனியாகிய கன்ஸ் நொடித்துப் போனதும், அடியோடு ஆட்டம் கண்டது. டெர்பியில் வீடு வாங்குவார் இல்லை. கடைகளைச் சாத்தினால் சாத்தினதுதான்.

இந்த நிலைமையில் ஓர் ஊர் என்ன செய்யும்? நம் தேசத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் செய்வது நமக்குத் தெரியும். மகஜர் எழுதும், மந்திரி வருவார், மாலை போடுவார்கள், தொழிற்சாலை வரும் என்பார், போய்விடுவார். டெர்பியில் வேறு விதமாக நடந்தது. டார்ஸெட், பிரேக் ஓ டே என்ற இரண்டு ஸ்தல ஸ்தாபனங்கள் ஒன்று சேர்ந்து, 'நம்மிடம் என்ன இல்லை என்று பார்ப்பதை விட்டு, என்ன இருக்கிறது என்று பார்ப்போம்' என்று யோசித்தன. இருந்தவை மூன்று: செங்குத்தான காடு, பெரிய பெரிய கருங்கல் பாறைகள், ஓயாத மழை. விவசாயிக்கு மூன்றும் சத்துரு. மலை ஸைக்கிள்காரனுக்கோ மூன்றும் மித்திரன்.

மலை ஸைக்கிள் என்பதைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. நம் வீட்டு நடையில் சாத்தி வைத்திருக்கும் வண்டிக்கு அது சின்னம்மா பிள்ளை முறை ஆகவேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மலை ஒன்றில், 1970-க்களில் சில வாலிபர்கள் பழைய கனமான ஸைக்கிள்களை மேலே கொண்டுபோய்க் கரடுமுரடான பாதையில் உருட்டிவிட்டு விளையாடினார்கள். பின் சக்கரத்து பிரேக் சூடேறி, உள்ளே போட்டிருந்த கிரீஸெல்லாம் புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'மறுபடி அடை' என்று அர்த்தம் வரும்படி 'ரீபாக்' எனப் பெயர் வந்தது. 1976-இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. இருபது வருஷத்துக்குள், 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்கத்துக்குரிய போட்டியாகிவிட்டது. இன்றைய மலை ஸைக்கிளில் முன்னும் பின்னும் மோட்டார் ஸைக்கிளைப்போல அதிர்ச்சி தாங்கும் வில். சக்கரத்தின் நடுவில் வட்டத் தகடு பிரேக். ஓடும்போதே பொத்தானை அழுத்தினால் தாழ்ந்து உயரும் ஆசனம். விலையைக் கேட்டபோது நம் மாணாக்கன் தயங்கினான். தைரியம் சொல்லிக் கேட்டோம். சொன்னான். அவனுடைய தயக்கம் நியாயமானதே என்று உணர்ந்தோம்.

டெர்பிக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலேயே பேர்போன பாதை நிபுணர்களை வரவழைத்தார்கள். முதற் கட்டத்துக்கு ஏறக்குறைய முப்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவு. பெரும் பகுதியை மத்திய சர்க்கார் கொடுத்தது. 2015-ஆம் வருஷத் தொடக்கத்தில் முதற் பாதைகளைத் திறந்தார்கள். 'நீல டெர்பி' என்று பெயர் சூட்டினார்கள். இப்போது பாதைகளின் மொத்த நீளம் நூற்றிருபது கிலோ மீட்டருக்கு மேல்.

"பாதை போடுவது அவ்வளவு பெரிய வித்தையா? ஆடு மாடு போனால் பாதை உண்டாகிவிடுகிறதே?" என்று கேட்டோம். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல் அவன் எழுந்து, நம்முடைய பரீட்சைத் தாளின் பின்புறத்தில் (நல்ல வேளை, அது பூஜ்யம் வாங்கிய தாள்) படம் போட ஆரம்பித்தான்.

மலைச் சரிவில் நேர் கீழாகப் பாதை போட்டால் முதல் மழையிலேயே அது ஓடையாகிவிடும். ஆகையால் சரிவுக்குக் குறுக்கே, இரண்டு முழ அகலத்துக்குப் படிபோல வெட்டிக்கொண்டு போகவேண்டும். அதன் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட ஒரு விரற்கடையாவது தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதையோடு ஓடாமல் பாதையைத் தாண்டிக் கீழே போகும். சராசரியில் நூறு அடி தூரத்துக்குப் பத்து அடிக்கு மேல் இறக்கம் கூடாது. மலை எவ்வளவு சரிவோ அதில் பாதிக்கு மேல் பாதை சரியக் கூடாது. சிறிது தூரம் இறங்கியதும் ஒரு சிறு மேடு வைக்கவேண்டும். ஓட்டுகிறவனுக்கு அது ஒரு துள்ளல். தண்ணீருக்கோ, 'இங்கேயே இறங்கிப் போ' என்கிற உத்தரவு. திருப்பங்களில் வெளிப்பக்கத்தை உயர்த்திக் கிண்ணத்தின் விளிம்புபோலச் செய்தால், வேகத்தில் வருகிறவன் வெளியே எறியப்படாமல் சுழன்று திரும்புவான். பிரேக் பிடித்து மண்ணைச் சுரண்டவும் மாட்டான். வேர் இருந்தால் வெட்டாமல் ஒதுங்கு. பாறை இருந்தால் உடைக்காமல் அதன்மேலேயே ஓட்ட வழி செய்.

"மழைக்காகத்தான் ஸார் பாதை. மனுஷனுக்காக அப்புறம்" என்றான்.

1929-இல் தண்ணீரால் அழிந்த ஊர், தண்ணீரின் மனம் கோணாமல் பாதை போடக் கற்றுக்கொண்டு பிழைத்தது என்பதை நினைத்துப் பார்த்தோம். அணை உடைந்ததை அவர்கள் மறக்கவில்லை. ஒரு பாதைக்கு 'டாம்பஸ்டர்ஸ்', அதாவது 'அணை உடைப்பார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளீயம் கண்ட சகோதரர்கள் பெயரிலும் ஒரு பாதை. இன்னொன்றின் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் 'விழுந்து வாரினான்' என்று வரும். இப்படிப் பயமுறுத்தும் பெயர் வைத்தால் யார் வருவார்கள் என்று நாம் சந்தேகப்பட்டோம். வாலிபர்களின் மனோதத்துவம் நமக்குத் தெரியவில்லை என்று அவன் மரியாதையாகத் தெரிவித்தான். நம் வகுப்பிலும் 'இந்தக் கணக்கு உங்களால் முடியாது' என்று சொன்னால்தான் கடைசிப் பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். அது எப்படி மறந்து போயிற்றோ!

ஆனால் எல்லாமே விழுந்து வாருகிற பாதைகள் அல்ல. பச்சை அடையாளம் போட்டது குழந்தைகளுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும், நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம், இரட்டைக் கறுப்பு, உயில் எழுதி வைத்துவிட்டு ஏறவேண்டியது. மேலே ஏறிப் போகச் சிரமப்படுகிறவர்களை வாடகை வண்டியில் ஏற்றி, பின்னால் கட்டிய சட்டத்தில் ஸைக்கிள்களை மாட்டி, உச்சியில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஏறுவதற்குக் காசு, இறங்குவதற்கு இல்லை. ஆம், பாதையில் ஓட்டுவதற்குக் கட்டணமே கிடையாது. பணம் எல்லாம் சாப்பாட்டிலும், படுக்கையிலும், வாடகை ஸைக்கிளிலும், உடைந்த சாமானிலும் வருகிறது. உடைந்த சாமானில் வருவது அற்பம் அல்ல என்று கேள்வி.

2017-இல் 'எண்டியூரோ' என்கிற உலகப் பந்தயத் தொடரின் ஒரு சுற்று இங்கே நடந்தது. இந்தப் பந்தயத்தில் இறக்கத்துக்கு மட்டுமே கடிகாரம்; ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டோ தள்ளிக்கொண்டோ பேசிக்கொண்டோ போகலாம். அந்த வருஷத்தில் உலகத்தின் சிறந்த பந்தயப் பாதை எது என்று வாக்கெடுத்தபோது, டெர்பியின் 'டெடொனேட்' என்ற பாதை முதலாவதாக வந்தது. இருபது வீடுகள் சாத்திக் கிடந்த வீதிக்கு, ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து இடம் கிடைக்காமல் கூடாரம் அடித்தார்களாம். 2019-இலும் 2023-இலும் பந்தயம் மறுபடி வந்தது. வருஷத்துக்குச் சுமார் முப்பதாயிரம் பேர் வருவதாகவும், வந்தவர்கள் நாலைந்து இரவு தங்குவதாகவும் அங்கே கணக்குச் சொல்கிறார்கள். தங்குவது என்பதுதான் இதில் முக்கியம். மோட்டாரில் வந்து, போட்டோ எடுத்து, குப்பை போட்டுவிட்டுப் போகிறவனால் ஊருக்கு லாபம் குறைவு. உடம்பு வலியெடுத்து மறுநாளும் இருக்க வேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவனால் லாபம் அதிகம்! பழைய சுரங்கப் பள்ளத்து ஏரியில், மிதவையின்மேல் வெந்நீராவி அறை கட்டி, வலிக்கிற உடம்புக்கு அதிலும் ஒரு வருமானம் கண்டுவிட்டார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு நாம் ஆசிரியர் தொழிலுக்குரிய கேள்வியைக் கேட்டோம்: "கஷ்டம் ஒன்றும் இல்லையா?"

அவன் சற்று நேரம் மௌனமாக இருந்தான். பிறகு இரண்டு சமாசாரம் சொன்னான்.

முதலாவது வீடு. வாங்க ஆள் இல்லாதிருந்த வீடுகளை வெளியூர்க்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். விலை பல மடங்கு ஏறிவிட்டது. வாங்கியவர்கள் அதில் குடியிருப்பதில்லை. ஸைக்கிள்காரர்களுக்கு இரவுக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஹோட்டலில் தோசை வார்ப்பவனுக்கு (அங்கே தோசை இல்லை, நேயர்கள் பொருத்தமானதைப் போட்டுக்கொள்ளவும்) அதே ஊரில் குடியிருக்க இடம் இல்லை. ஊர் பிழைத்தது வாஸ்தவம். ஆனால் 'ஊர்' என்றால் கட்டடமா, ஜனங்களா என்பதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

இரண்டாவது மரம். பாதைகளில் கணிசமான பகுதி போவது சர்க்காரின் உற்பத்திக் காடுகள் வழியாக. அக்காடுகளில் மரம் வெட்டச் சர்க்கார் மரத் துறைக்கு உரிமை உண்டு. க்ருஷ்கா பாதைக்கு அருகில் வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஜனங்களில் ஒரு சாரார் சங்கம் கூடி எதிர்த்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் வரையில் போய்ப் பார்த்தார்கள், வெற்றி கிடைக்கவில்லை. மரத் தொழிலில் பிழைத்த குடும்பங்களும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தச் சங்கத்தைக் கண்டால் பிடிக்காது. நிற்கிற மரத்தால் பிழைப்பவனும், விழுகிற மரத்தால் பிழைப்பவனும் ஒரே கடையில் ரொட்டி வாங்க வேண்டியிருக்கிறது. பத்திரிகைகளின் வர்ணப் படங்களில் இந்தக் கடை வருவதில்லை.

நாம் இவ்விரண்டையும் குறித்து வைத்துக்கொண்டோம். ஏனென்றால், பையன் நம்மைத் தேடி வந்த காரியம் வேறு என்பது அதற்குள் நமக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவன், தழும்பைக் காட்டுவதற்காகவா மேட்டுப்பாளையத்தில் இறங்குவான்?

"அங்கே முதல் தடவை காட்டுக்குள் போனபோது அழுகை வந்துவிட்டது ஸார். எங்கள் ஊர் வாசனை" என்றான்.

நீலகிரியில் தைலம் காய்ச்சுகிற கற்பூர மரம் டாஸ்மேனியாவின் சொந்த மரம். அத்தீவின் மலர்ச் சின்னமே அதன் பூதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் வெள்ளைக்காரர்கள் அதையும், சீகை மரங்களையும் கொண்டுவந்து நம் மலையில் நட்டார்கள். சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த இடங்கள் அன்னிய மரத் தோப்புகளாயின. நம்மிடம் வந்து சோலைகளை விழுங்கிய மரம், தன் சொந்த ஊரில் குருவிக்குக் கூடாகவும் காட்டுக்கு அழகாகவும் நிற்கிறது. மரத்தின்மேல் என்ன குற்றம்?

பையனின் தகப்பனாருக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்குக் காணவில்லை என்று அங்கே வெகு காலமாகக் குறை. ஹட்டியில் அவனோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள் நிலத்தை விற்றுவிடலாமா என்று பேசுகிறார்கள். வாங்கி பங்களா கட்டவும் ஆள் இருக்கிறது. "நான் திரும்பி வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். எங்கள் தோட்டங்களுக்கு நடுவிலேயே பழைய ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. பத்துக் குடும்பம் சம்மதித்தால் பதினைந்து கிலோ மீட்டர் பாதை போடலாம். என்ன சொல்கிறீர்கள் ஸார்?"

'செய் அப்பா, ஜயம் உண்டாகட்டும்' என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது. தேசத்தின் வாலிபர்கள் வெளிநாட்டில் கற்ற வித்தையைச் சொந்த ஊருக்குக் கொண்டுவருவதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பூகோள வாத்தியார் என்ற முறையில் சில கேள்விகள் போடாமல் இருக்க முடியவில்லை.

டாஸ்மேனியாக் காட்டில் குறுக்கே வருவது அதிகமாய்ப் போனால் வாம்பட் என்கிற குட்டைக் கரடிபோன்ற சாது. நீலகிரியில் குறுக்கே வருவது காட்டெருமை, கரடி, யானை. சப்தமில்லாமல் வேகமாக இறங்கி வருகிற ஸைக்கிளுக்கும், திருப்பத்தில் நிற்கிற காட்டெருமைக்கும் இடையே சமரசப் பேச்சு நடக்க அவகாசம் இராது. காட்டு இலாகாவின் நிலத்தில் அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்கக் கூடாது. அது சரியான சட்டமே. 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மலை சரிந்து நாற்பதுக்கும் அதிகமானவர்கள் போனதையும் மறக்கவில்லை. வண்டிகளின் நெரிசல் தாங்காமல், 2024 மே மாதம் 7-ஆம் தேதி முதல் ஊட்டிக்குப் போகிற வெளியூர் வண்டிகளுக்கு 'ஈ-பாஸ்' வாங்க வேண்டும் என்று ஹைகோர்ட்டு உத்தரவு போட்டது. இந்த மலைக்கு இன்னும் ஜனங்களை அழைப்பதா என்று ஒருவர் கேட்டால், அவரை விரோதி என்று சொல்ல முடியாது.

பையன் இவற்றையெல்லாம் கேட்டு முகம் வாடவில்லை. யானை நடமாடும் இடத்தை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே பாதை. மாலை நாலரை மணிக்கு மேல் ஓட்டம் இல்லை. மோட்டாரில் வருகிறவன் வண்டியைக் கீழே மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் மேலே வரவேண்டும் என்று வரிசையாகச் சொன்னான். யோசித்துத்தான் வந்திருக்கிறான். கடைசிப் பெஞ்சில் அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது வீண் போகவில்லை.

"வீடு?" என்றோம்.

"புரியவில்லை ஸார்."

"உன் பாதை நன்றாக ஓடினால், பங்களா கட்ட வருகிறவன் இரண்டு மடங்கு விலை கொடுப்பானே! அப்போது உன் பத்துக் குடும்பத்தில் எத்தனை பேர் விற்காமல் இருப்பார்கள்? அப்பக்கத்தில் இருளரும் குறும்பரும் கோத்தரும் இருக்கிறார்கள். அந்த மலையில் எல்லோருக்கும் மூத்தவர்கள். அவர்களுக்கு இதில் பங்கா, அல்லது ஸைக்கிளைத் துடைக்கிற வேலையா? பாதை போடுவதற்கு முன்னால் இதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவாயா?"

பையன் பதில் சொல்லாமல் அந்தப் பூஜ்யத் தாளை மறுபடி எடுத்தான். படத்தின் கீழே இடம் இருந்தது. பத்து வீடு, பொது நிதி, விற்பதானால் முதலில் ஊர்ச் சங்கத்துக்கு, பாதைப் பராமரிப்புக்கு இத்தனை பங்கு என்று ஒவ்வொன்றாக எழுதினான். சில வரிகளை அடித்தான். 'விற்பதானால்' என்ற வரியை மூன்று தடவை அடித்து எழுதினான். அவனுடைய தகப்பனாரே விற்க நினைக்கிறவர்களில் ஒருவர் என்று அப்போதுதான் சொன்னான்.

நம் வீட்டில் காப்பி வந்தது. "தம்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்" என்று உள்ளேயிருந்து உத்தரவும் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக் கோத்தகிரி பஸ்ஸுக்குக் கிளம்பினான். அடுத்த ஞாயிறு அன்று ஹட்டியில் பெரியவர்கள் கூட்டமாம். நாமும் வரவேண்டும் என்று வற்புறுத்தினான். பூகோள வாத்தியார் சொன்னால் தகப்பனார் கேட்பார் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அங்கே என்ன நடந்தது என்பதை இப்பகுதியில் பிறகு எழுதுவோம்.

வாசற்படி இறங்கும்போது, நடையில் சாத்தியிருந்த நம் ஸைக்கிளின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். அதில் காற்று இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று அவன் கேட்கவில்லை. பம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாம் சொல்லச் சொல்ல, இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்துவிட்டுத்தான் போனான்.